அகபெல்லா கேட்கத் தொடங்க எந்தக் குழு? நான்கு குழுக்கள், ஓர் ஒப்பீடு

பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் மனிதக் குரல்களை மட்டுமே கொண்டு உருவாகும் அகபெல்லா இசையில் ஆர்வம் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் குழுவிலிருந்து தொடங்குவது என்பதுதான். நம்மில் பலருக்கு அந்த ஆர்வம், 1993இல் வெளிவந்த 'திருடா திருடா' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாடலில் தொடங்கியிருக்கும். மெட்டு, பின்னணி என ஏறக்குறைய எல்லாவற்றையும் குரல்களே சுமக்கும் அந்தப் பாடலைக் கேட்டுவிட்டு, இதுபோல் வேறு என்ன இருக்கிறது என்று தேடப் புறப்படுபவர், ஒரே வாரத்தில் இருபது முப்பது குழுக்களின் பாடல்களைப் புரட்டிப் பார்த்து, எதிலும் காது நிலைகொள்ளாமல் சலித்துத் திரும்புவதை அடிக்கடி காண்கிறேன். இந்த இசை அப்படி மேலோட்டமாகக் கேட்டால் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு குழுவைத் தேர்ந்துகொண்டு, அதன் குரல்கள் ஒவ்வொன்றும் பழகும்வரை இரண்டு மூன்று மாதங்கள் அதனோடு இருப்பதே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரண்டு மூன்று மாதங்களை யாருக்குக் கொடுப்பது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் முடிவு. நான்கு குழுக்களை ஒப்பிடுகிறேன்: அமெரிக்காவின் பெண்டாடானிக்ஸ், தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ, மீண்டும் அமெரிக்காவிலிருந்து டேக் 6, இங்கிலாந்தின் கிங்ஸ் சிங்கர்ஸ். பாப், ஸூலு மக்களின் குரலிசை, ஜாஸ் கலந்த காஸ்பல் எனும் கிறிஸ்தவ பக்தியிசை, ஐரோப்பியச் செவ்வியல் என்று அகபெல்லாவின் நான்கு பெரிய நிலப்பரப்புகளை இவை நான்கும் காட்டுகின்றன. ஜார்ஜியா நாட்டின் மூன்று குரல் பாடல்கள் இதில் இல்லையே என்று வருந்துபவர்கள் இருப்பார்கள். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய இசைத்தட்டில் இடம்பெற்ற மரபு அது, ஆனால் ஒரு குழுவாகத் தேர்ந்து தொடங்குவதற்கு ஏற்றதன்று. 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மாணவர்கள் தொடங்கிய பென் மசாலாவையும், நம்மவர்களுக்கு நெருக்கமான பாடல்களைப் பாடுகிறார்கள் என்றாலும், ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டேன். மாணவர் குழு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குரல்கள் முற்றிலும் மாறிவிடுகின்றன. குரல்களோடு பழகுவதே நோக்கமாக இருக்கும்போது அது பெரிய தடை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், குரல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்பது. நம் காது ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்தே வளர்ந்தது. கச்சேரியானாலும் நாட்டுப்பாடலானாலும் பாடுபவரின் ஒரு வரிதான் நமக்குப் பாட்டு. அதற்கு அடியில் வேறு வரிகள் ஓடுவதை இளையராஜாவின் பாடல்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு வரி வயலினிலும், மற்றொன்று புல்லாங்குழலிலும், இன்னொன்று பேஸ் கிட்டாரிலும் ஓடுவதால், நாதத்தின் வேறுபாடே அவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அகபெல்லாவில் எல்லாமே குரல். ஆறு பேர் ஒரே சொல்லை ஆறு சுரங்களில் பாடும்போது, நடுவில் இருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளக் காதுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒரு குழு எவ்வளவு இடம் தருகிறது என்பதையே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

இரண்டாவது, சுருதி. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டும்போது, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிப்பதை நம் இசைக்காரர்கள் சுயம்பு காந்தாரம் என்கிறார்கள். கீபோர்டில் உள்ள அதே காந்தாரம் இதைவிடச் சற்று உயர்ந்தது. ஓர் அரைச் சுரத்தை நூறு பங்காக வைத்தால் ஏறக்குறைய 14 பங்கு உயர்வு. வாத்தியத் துணை இல்லாத தேர்ந்த பாடகர்கள், கீபோர்டின் காந்தாரத்தை விட்டுவிட்டுத் தம்புராவின் காந்தாரத்தை நோக்கித் தாமாகவே இறங்குகிறார்கள். அப்போது கார்ட், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு, முழுவதும் ஒரே பொருளாகப் பூட்டிக்கொண்டு, பாடும் ஆட்களின் எண்ணிக்கையைவிட அதிகக் குரல்கள் ஒலிப்பதுபோல் தோன்றும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே புலப்படும் என்பதால், நம் வாசகர்களுக்கு இந்த அளவுகோல் மிகவும் பயனுள்ளது.

மூன்றாவது, மொழியும் பாடுபொருளும். நான்காவது, பதிவுக்கும் மேடைக்கும் இடையே உள்ள தூரம். இன்றைய பாப் அகபெல்லாப் பதிவுகளில் ஒவ்வொரு குரலையும் தனியாகப் பதிந்து, கணினியில் சுருதி திருத்தி, பேஸ் எனும் மிகத் தாழ்ந்த ஆண் குரலுக்குக் கீழ் ஸ்தாயியைச் சேர்ப்பது பரவலான வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் கேட்பவர் அதை அறிந்து கேட்க வேண்டும். ஐந்தாவது, ஆழம்: ஆறு மாதம் கழித்தும் அந்தக் குழுவிடம் புதிதாகக் கேட்க ஏதாவது இருக்குமா என்பது.

இந்த ஐந்தோடு ஒரு செலவுக் கணக்கும் உண்டு. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் குரல் ஏறக்குறைய காணாமல் போய்விடும். நான்கில் எந்தக் குழுவைத் தேர்ந்தாலும், நடுத்தர விலையில் காதை மூடும் ஹெட்போன் ஒன்று இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

## பெண்டாடானிக்ஸ்

இன்று பெரும்பாலோர் அகபெல்லாவுக்குள் நுழையும் வாசல் இதுவே. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனைச் சேர்ந்த பள்ளித் தோழர்கள் மூவர், ஒரு பேஸ் பாடகரையும் வாயாலேயே தாளம் எழுப்பும் ஒரு பீட்பாக்ஸ் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு 2011இல் 'தி சிங் ஆஃப்' தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார்கள். 2015இல் குழுவின் பெயரிலேயே வெளிவந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. ஓர் அகபெல்லாக் குழு அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை.

முதல் அளவுகோலில் இவர்கள் பாதி மதிப்பெண் பெறுகிறார்கள். அடியில் பேஸ், பக்கத்தில் பீட்பாக்ஸ், மேலே மூன்று பேர் என்ற அமைப்பு மிகத் தெளிவானது. வாயால் சொல்லும் தாளத்தைக் கொன்னக்கோலில் கேட்டு ரசித்த நமக்குக் கெவின் ஒலுசோலாவின் பீட்பாக்ஸ் முதல் நிமிடத்திலேயே வசப்படும். ஆனால் மேலே உள்ள மூவரில் முன்னணிக் குரல் எப்போதும் வெளிச்சத்தில் நிற்க, மற்ற இருவர் பதிவின் மெருகுக்குள் கரைந்துவிடுகிறார்கள். எனவே காதுக்குத் தாளத்தையும் பேஸையும் பிரித்தறியும் பயிற்சி கிடைக்குமே தவிர, நடுக் குரலைத் தேடும் பயிற்சி அவ்வளவாகக் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு வகையானது. பதிவுகள் பளபளப்பாகச் செதுக்கப்பட்டவை. இவற்றிலேயே பழகிவிட்ட காது, மூச்சுச் சத்தமும் சிறு பிசிறும் உள்ள இயல்பான குழுப் பாடலைக் கேட்கும்போது அதைக் குறையாக எண்ணத் தொடங்குகிறது. அந்த எண்ணத்தை மாற்றுவதற்கு நாளாகும். அடுத்தது, இவர்களுடைய வெளியீடுகளில் பெரும்பங்கு பிறருடைய வெற்றிப் பாடல்களின் மறுவடிவங்களும் கிறிஸ்துமஸ் ஆல்பங்களும்தான். மூலப் பாடல் தெரிந்திருந்தால் மறுவடிவத்தின் நுட்பம் இருமடங்காகச் சுவைக்கும். ஆங்கில பாப் இசையோடு பழக்கமில்லாதவருக்கு அந்தச் சுவையில் பாதி போய்விடுகிறது. 2017இல் பேஸ் பாடகர் அவி கப்லான் விலகி மேட் சாலி வந்தபின் குழுவின் அடிநாதமும் மாறியது. பழைய பதிவுகளில் தொடங்குபவர் இதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

ஆங்கில பாப் இசையில் ஏற்கெனவே ஊறியவர்களுக்கும், வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க விரும்புபவர்களுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மின்னணு இசை இரட்டையரான டாஃப்ட் பங்கின் பாடல்களைக் கோத்து இவர்கள் பாடிய தொகுப்பு 2015இல் கிராமி விருது பெற்றது. நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமான அந்தப் பாடலில் மின்னணு இசையின் ஒவ்வோர் ஒலியையும் ஐந்து வாய்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் காணொளியில் பார்ப்பது பெரும் மகிழ்ச்சி.

## லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ

தென்னாப்பிரிக்காவின் குவாஸூலு நட்டால் பகுதியில் உள்ள லேடிஸ்மித் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இந்தக் குழுவை 1960இல் ஜோசப் ஷபலாலா தொடங்கினார். இவர்கள் பாடும் வகைக்கு இசிகத்தாமியா என்று பெயர். ஊரை விட்டுச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்குப் போன ஸூலு ஆண்கள், தொழிலாளர் விடுதிகளில் வார இறுதி இரவுகளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டுப் பாடி வளர்த்த கலை இது. காவலர்களின் காதில் விழாதபடி கால் நுனியில் மெல்ல அடியெடுத்து ஆடினார்கள் என்றும், அந்த மென்மையே பாட்டின் இயல்பாகிவிட்டது என்றும் சொல்வார்கள். குழுவிலும் அந்த மென்மை கேட்கிறது: எத்தனை பேர் பாடினாலும் ஒருவரும் குரலை உயர்த்திக் கத்துவதில்லை.

நம் காதுக்கு இந்த நான்கில் மிக எளிதாகத் திறக்கும் கதவு இது என்பது என் தீர்மானம். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. முன்னே ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்கிறார். பின்னால் உள்ளவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். பஜனை மடத்தில் பாகவதர் நாமாவளி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு என்னவென்றால், இங்கே பதில் பாடுபவர்கள் ஒரே சுரத்தில் சேராமல் பல குரல்களாகப் பிரிகிறார்கள். மேலே ஓரிரு குரல்கள், அடியிலோ பேஸ் பாடகர்கள் ஒரு பெரிய கூட்டமாக. அழைப்பும் பதிலும் மாறிமாறி வருவதால், தனிக் குரலுக்கும் கூட்டுக் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்பப் பயின்றுவிடுகிறது.

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 1986 ஆல்பமான 'கிரேஸ்லேண்ட்' மூலம் உலகம் இவர்களை அறிந்தது. அதில் உள்ள 'ஹோம்லெஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷபலாலாவின் குரல் ஸூலு மொழியில் தனியாக எழுகிறது. உயரமான குரல், ஆனால் கூர்மை கிடையாது, ஓரங்களில் சற்றே காற்று கலந்தது. அது முடியும் இடத்தில் குழு உள்ளே வரும்போது, இருட்டறையில் தரை இருப்பதைக் கால் உணர்வதுபோல் பேஸ் குரல்கள் அடியில் விரிகின்றன. எத்தனை முறை கேட்டாலும் அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருக்கிறேன். ஸூலு மொழியில் உள்ள நாக்குச் சொடுக்கு ஒலிகளும், இடையிடையே குழுவினர் எழுப்பும் சிறு ஒலிகளும் தாளக்கருவியின் வேலையைச் செய்துவிடுகின்றன.

சுருதியைப் பொறுத்தவரை, இவர்கள் அடிப்படையான சில கார்டுகளையே கையாள்கிறார்கள்; அவற்றை மிகத் தூய்மையாகப் பிடிக்கிறார்கள். மேலே சொன்ன பூட்டிக்கொள்ளும் காந்தாரத்தை முதல்முதலாக உணர இவ்வளவு நிதானமாக நகரும் இசை பெரிய உதவி.

செலவுகளும் உண்டு. பாட்டின் பொருள் பெரும்பாலும் ஸூலுவில். மொழிபெயர்ப்பைத் தேடிப் படிக்காவிட்டால் ஊரையும் வீட்டையும் பிரிந்த ஏக்கம், இறைநம்பிக்கை, காதல் எல்லாம் ஒரே இனிமையாகக் கலந்து போய்விடும். கார்டுகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், ஹார்மனியின், அதாவது பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் இசைவின், வண்ணங்களைத் தேடி வருபவருக்கு நான்காவது ஐந்தாவது ஆல்பத்தில் அலுப்பு வரலாம். ஒலியில் மட்டும் கேட்டால் காலடி அசைவுகளும் ஆட்டமும் விடுபட்டுப் போவதால், பாதி கலையை இழக்கிறோம். காணொளி பார்த்தே ஆக வேண்டும். மேலும் எல்லா ஆல்பங்களும் குரல் மட்டும் கொண்டவை அல்ல. விருந்தினர்களும் வாத்தியங்களும் சேர்ந்த 'ஹெவன்லி' (1997) போன்றவற்றில் தொடங்கினால் குழுவின் இயல்பு தெரியாமல் போகும். 1987இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்ற 'ஷாகா ஸூலு' தொடங்குவதற்குச் சரியான ஆல்பம். அதன் பிறகு பின்னோக்கிப் போய், 1973இல் வந்த முதல் ஆல்பமான 'அமாபுத்தோ'வைத் தேடலாம்.

ஷபலாலா 2020 பிப்ரவரியில் மறைந்தார். அவர் மகன்கள் குழுவைத் தொடர்கிறார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அவர் குரல் இருக்கும் பதிவுகளையே முதலில் கேட்க வேண்டும். அழைக்கும் குரல்தான் இந்த இசையின் முகம், அந்த முகம் அவருடையது.

## டேக் 6

இந்த நான்கில் ஒன்றை மட்டும் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம் என்றால் தயக்கமின்றி இதைத்தான் எடுப்பேன். ஆனாலும் எல்லோருக்கும் முதல் குழுவாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இவர்களுடைய ஹார்மனியின் அடர்த்தி.

அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்லில் உள்ள ஓக்வுட் கல்லூரியில் 1980இல் கிளாட் மெக்நைட் நால்வர் குழுவாகத் தொடங்கியது இது. குளியலறையில் அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்ட மார்க் கிப்பில் உள்ளே நுழைந்து ஐந்தாவது குரலைச் சேர்த்தார் என்பது குழுவைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் நிகழ்ச்சி. ஆறாவது குரல் பின்னர் வந்தது. 1988இல் வெளிவந்த முதல் ஆல்பம் காஸ்பல், ஜாஸ் என இரண்டு பிரிவுகளில் கிராமி விருதுகளை வாங்கியது. இன்றுவரை குழுவின் கணக்கில் பத்து கிராமி விருதுகள் உள்ளன.

ஆறு பேரில் நால்வர் டெனர் எனும் உயர்ந்த ஆண் குரல். ஒருவர் நடுத்தர ஆண் குரலான பாரிடோன், ஒருவர் பேஸ். அந்த நான்கு டெனர்களும் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் நின்று பாடுகிறார்கள். சாதாரணக் கார்டின் மூன்று சுரங்களோடு நிற்காமல், ஜாஸ் பியானோ வாசிப்பவர் பத்து விரல்களாலும் அடுக்கும் கூடுதல் சுரங்களை இவர்கள் குரலில் அடுக்குகிறார்கள். முதல் ஆல்பத்தில் உள்ள 'எ கொயட் பிளேஸ்' பாடலில் இதை நிதானமாகக் கேட்கலாம். மெட்டு ஒரு சுரத்தில் அசையாமல் நிற்கும்போதும் அடியில் மற்ற குரல்கள் அரைச் சுரம் அரைச் சுரமாக நகர்ந்துகொண்டே இருப்பதால், நின்ற சுரத்தின் நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஒரே சுரத்தைப் பல நிறங்களில் கேட்கும் அனுபவம் நமக்குப் புதிதன்று. நம் இசையில் அதைக் கமகமும் ராகத்தில் அந்தச் சுரத்துக்கு உள்ள இடமும் தருகின்றன. இங்கே அடியில் நகரும் மற்ற குரல்கள் தருகின்றன. இதை உணர்ந்துவிட்டவருக்கு ஹார்மனி என்பது மெட்டுக்கு வைத்த அலங்காரம் என்ற எண்ணம் போய்விடும்.

அதே ஆல்பத்தின் வேகமான பாடல்களில் ஆல்வின் சீயின் பேஸ் குரலை மட்டும் பின்தொடருங்கள். ஜாஸ் இசையில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்திவாத்தியம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக நடந்து போவதைப்போல் அவர் நடக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதே தெரிவதில்லை.

முதல் அளவுகோலில் இந்தக் குழு மிகக் கடினமானது. ஆனால் பலனும் இதில்தான் மிக அதிகம். முதல் பத்து முறை கேட்கும்போது நான்கு டெனர்களும் ஒரே பட்டுத்துணியாகத்தான் தெரிவார்கள். பதினோராவது முறையோ இருபதாவது முறையோ, திடீரென்று ஒருவர் மட்டும் தனியாகக் கேட்கத் தொடங்குவார். அதன்பின் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளிவருவார்கள். மேடைக்கும் பதிவுக்கும் உள்ள தூரமும் மிகக் குறைவு. ஆளுக்கொரு மைக் வைத்துக்கொண்டு இதே அடர்த்தியை நேரில் பாடிக் காட்டக்கூடியவர்கள்.

இவர்களிடம் மறைந்திருக்கும் செலவு, ஆல்பங்களைத் தேர்வதில் இருக்கிறது. 1994இல் வந்த 'ஜாயின் தி பேண்ட்' பெயருக்கேற்ப வாத்தியங்களோடு கூடியது. ரே சார்ல்ஸ், ஸ்டீவி வொண்டர் போன்றோர் கலந்துகொண்ட நல்ல ஆல்பம்தான், ஆனால் அகபெல்லா தேடி வருபவர் ஏமாந்துபோவார். முதல் ஆல்பத்தை முழுவதும் கேட்காமல் வேறெங்கும் போக வேண்டாம். பாடுபொருளைப் பொறுத்தவரை பெரும்பாலானவை விவிலியக் கதைகளும் கிறிஸ்தவ நம்பிக்கையும். பிற சமயத்தவருக்கு அது தடையாகும் என்று நான் நினைக்கவில்லை, தியாகராஜரைக் கேட்க இராம பக்தி கட்டாயமில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. எனினும் தாவீது, கோலியாத்து, யோர்தான் நதி போன்ற பெயர்களின் பின்னணி தெரிந்தால் பாடலின் விளையாட்டு முழுதாகப் புரியும்.

## கிங்ஸ் சிங்கர்ஸ்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பாடகர் குழுவில் இருந்த மாணவர்களிடமிருந்து உருவாகி, 1968 மே மாதத்தில் லண்டன் மேடையில் இந்தப் பெயரோடு நின்ற குழு இது. பெண் குரல் உயரத்தில் பாடும் இரண்டு கவுண்டர்டெனர், ஒரு டெனர், இரண்டு பாரிடோன், ஒரு பேஸ் என்ற அமைப்பு அன்றிலிருந்து மாறவில்லை. ஆட்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். டேவிட் ஹர்லி 1990 முதல் 2016 வரை 26 ஆண்டுகள் இருந்தார். அவரைப் போன்ற நீண்ட காலத்தவர்கள் இருப்பதால், ஆள் மாறினாலும் குழுவின் ஒலி மாறாமல் கைமாறுகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் மாட்ரிகல் எனும் பல்குரல் கவிதைப் பாடல்கள், தேவாலய இசை, நாட்டுப்பாடல்கள், பாப் பாடல்களின் மென்மையான வடிவங்கள், இவர்களுக்கென்றே எழுதப்பட்ட புதிய படைப்புகள் என்று பரப்பில் இவர்களுக்கு ஈடில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜி லிகெட்டி தம் 'நான்சென்ஸ் மாட்ரிகல்ஸ்' வரிசையை இவர்களுக்காகவே எழுதினார். பழைய பல்குரல் இசையில் முன்னணிக் குரல் என்று ஒன்று இருப்பதில்லை. ஒரு குரல் தொடங்கிய சிறு வரியை அடுத்த குரல் சற்றுத் தள்ளி எடுத்துக்கொள்ள, மூன்றாவது குரல் அதைத் தொடரும். ஆகவே குரல்களைப் பிரித்துக் கேட்கும் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. சுருதித் தூய்மையில் நான்கு குழுக்களிலும் முதலிடம் இவர்களுக்கே.

ஆயினும் புதியவருக்கு இந்த இசை முதலில் சற்று எட்ட நிற்பதாகத் தோன்றும். தாளம் அழுத்தமாக இல்லை. உயரமான கவுண்டர்டெனர் குரல் ஆணின் குரல் என்று நம்பவே சிலருக்கு நாளாகும். இலத்தீன், இத்தாலியம், பழைய ஆங்கிலம் என்று மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். மிகப் பெரிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் எங்கே தொடங்குவது என்பதும் தனிச் சிக்கல். மேடையையும் பதிவையும் பற்றி ஒரு செய்தி: பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் நாற்பது குரல்களுக்கு எழுதிய 'ஸ்பெம் இன் ஆலியம்' என்ற படைப்பை, ஆறு பேரே மேன்மேலும் பாடிப் பதிந்து 2006இல் வெளியிட்டார்கள். இத்தகைய விதிவிலக்குகள் தவிர, நீங்கள் பதிவில் கேட்பதை அரங்கில் வெறும் ஆறு பேராக நின்று பாடுபவர்கள் இவர்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | பெண்டாடானிக்ஸ் | லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ | டேக் 6 | கிங்ஸ் சிங்கர்ஸ் |
|---|---|---|---|---|
| குரல்களைப் பிரித்துக் கேட்பது | தாளமும் பேஸும் எளிது, நடுக் குரல் கடினம் | எளிது | மிகக் கடினம், பலன் அதிகம் | பழைய இசையில் மிகத் தெளிவு |
| சுருதி | பதிவில் மெருகேற்றியது | எளிய கார்டுகள், தூய்மை | சிக்கலான கார்டுகள், துல்லியம் | நான்கு குழுக்களிலும் முதலிடம் |
| மொழி | ஆங்கிலம் | ஸூலு, சில ஆங்கிலம் | ஆங்கிலம் | பல ஐரோப்பிய மொழிகள் |
| மேடைக்கும் பதிவுக்கும் தூரம் | அதிகம் | குறைவு, ஆட்டம் மேடையில் மட்டும் | குறைவு | மிகக் குறைவு |
| தொடங்கும் இடம் | 2015 ஆல்பம் | 'ஷாகா ஸூலு', 1987 | 'டேக் 6', 1988 | மாட்ரிகல் தொகுப்பு ஏதேனும் |
| மறைந்த செலவு | மெருகுக்குப் பழகிவிடும் காது | மொழிபெயர்ப்புத் தேடல் | வாத்திய ஆல்பங்களில் தடுக்கி விழுதல் | தொடக்கத்தில் பொறுமை |

## யாருக்கு எது

தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல் பாடிப் பழகியவர்களுக்கும், 1893 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற குழுக்களின் நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களுக்கும் கிங்ஸ் சிங்கர்ஸே இயல்பான தொடக்கம். நடுக் குரல் என்பது என்ன என்று அவர்களுக்குத் தொண்டையாலேயே தெரியும். இந்தக் குழுவின் குரல் அமைப்புகள் பல அச்சிட்ட இசைத்தாள்களாகவும் கிடைப்பதால், கேட்டதைப் பாடிப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. அந்த வாய்ப்பு மற்ற மூன்றிலும் இவ்வளவு எளிதாக அமையாது.

பியானோ அல்லது கிட்டார் வாசிப்பவர்கள், கார்டுகளின் பெயர் தெரிந்தவர்கள், நேராக டேக் 6க்குப் போகலாம். ஆங்கில பாப் இசையே பிரதானமாகக் கேட்பவர்கள் பெண்டாடானிக்ஸில் தொடங்கட்டும். ஆனால் மூன்று மாதத்தின் முடிவில் மெருகு குறைந்த வேறொரு குழுவுக்குக் கட்டாயம் மாற வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே தேங்கிவிடுவார்கள்.

இவை எதிலும் சேராதவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர்: திரைப்பாடலும் ஓரளவு கர்நாடக இசையும் கேட்டு வளர்ந்து, ஹார்மனியை இனிமேல்தான் கற்க வேண்டியவர்கள். அவர்களுக்கு என் பரிந்துரை, காதைப் பழக்க முதல் ஒரு மாதம் லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ, அடுத்து அந்த இரண்டு மூன்று மாதங்களும் டேக் 6. முதலாவது, குரல் கூட்டத்துக்குள் காதை அழைத்துச் செல்லும். இரண்டாவது, உள்ளே போன காதை அங்கேயே இருத்திக்கொள்ளும். வரிசையை மாற்றிக் கேட்டவர்கள், டேக் 6இன் அடர்த்தி புரியாமல் அதை வெறும் இனிய பின்னணி இசையாக ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது அந்த அறுவருக்கும் கேட்பவருக்கும் நேரும் பெரிய இழப்பு.

டேக் 6க்கு வந்து சேர்ந்ததும் 'எ கொயட் பிளேஸ்' பாடலை ஹெட்போனில், வேறு வேலை எதுவும் செய்யாமல், மூன்று முறை கேளுங்கள். முதல் முறை மெட்டு மட்டும். இரண்டாவது முறை பேஸ் மட்டும். மூன்றாவது முறை, இரண்டுக்கும் நடுவில் ஏதேனும் ஒரு டெனர் குரலைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போனாலும் பாடல் முடியும்வரை விடாமல் கூடவே போங்கள். கைதவறிப் போனால், தவறிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.